நின்றுபோன கட்டடத்தை முடித்துத் தருகிறோம் என்று வருபவர்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமோ பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமோ, பாதியில் நின்ற அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பில்டர் பணத்தை வாங்கிக்கொண்டு கைவிட்ட கதை ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களை அதைவிட ஆழமாக வெட்டியவர்கள், காப்பாற்ற வந்தவர்கள்.

எங்கள் மனை கொட்டிவாக்கத்தில், கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. கூட்டு முயற்சித் திட்டம்: நிலம் ஒருவருடையது, கட்டுவது வேறொருவர். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு தளம், மொத்தம் 48 வீடுகள். அவற்றில் 12 நில உரிமையாளரின் பங்கு. மீதி 36 எங்களுக்கு விற்றவை. 2015-இல் பிரிக்கப்படாத மனைப் பங்கை எங்கள் பெயருக்குப் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடப் போட ஒரு தவணை என்று பணமும் போய்க்கொண்டே இருந்தது. கொரோனாவால் வேலை நின்றது என்று பில்டர் இன்றுவரை சொல்கிறார். 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார்கள் திரும்பி வரவே இல்லை என்பதை எதிர் டீக்கடைக்காரரைக் கேட்டாலே சொல்வார்.

வாடகை ஒரு பக்கம், வங்கித் தவணை ஒரு பக்கம் என்று நாங்கள் தள்ளாடிக்கொண்டிருந்த 2022-இல் அந்தப் புதிய குழு வந்தது. ‘நின்றுபோன திட்டங்களை எடுத்து முடிப்பதே எங்கள் தொழில்’ என்று அறிமுகம். திருவான்மியூரில் ஓர் ஓட்டலின் குளிர்சாதன அரங்கில் கூட்டம், சுடச்சுட போண்டா, காபி, ஆளுக்கொரு பளபளப்பான கோப்பு. கோப்பின் அட்டைப் படத்தில் எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு நீச்சல் குளம். அதற்கப்பால் நீலக் கடல். நடுவில் நிற்கும் இரண்டு வரிசை வீடுகளைக் கணினியில் அழித்துவிட்டார்கள்.

அவர்கள் முன்வைத்தது, கட்டியதை முடிப்பதல்ல. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. காரணமாகச் சொன்னது துரு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட் பூச்சு வெடித்து உதிரும். பூசாமல், மூடாமல் விட்ட கட்டடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். எங்கள் மொட்டைமாடியில் லிஃப்ட் அறைக்காக விட்டிருந்த கம்பிகளை விரலால் தேய்த்தாலே செதில் செதிலாக வரும். கையில் செங்காவி நிறம் ஒட்டிக்கொள்ளும். அவர்களோடு வந்த பொறியாளர் கீழே இரண்டு தூண்களைச் சுத்தியலால் தட்டினார், மேலே போய்க் கம்பிகளைப் படமெடுத்தார். ‘கட்டடம் முழுவதும் பாதுகாப்பற்றது’ என்று ஒரே பக்கத்தில் அறிக்கை வந்துவிட்டது. கூட்டத்தில் மௌலிவாக்கத்தையும் இழுத்தார்கள். 2014 ஜூன் 28-ஆம் தேதி அங்கே 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததையும், பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016-இல் வெடிவைத்துத் தகர்த்ததையும் பெரிய திரையில் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது, அதற்கும் கடற்கரை உப்புக்கும் தொடர்பில்லை என்று யாருக்கும் அப்போது சொல்லத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு கட்சியானோம். வெளிநாட்டில் இருப்பவர்களும் முதலீட்டுக்காக வாங்கியவர்களும் இடிப்புப் பக்கம். ஆளுக்குக் கூடுதலாக 100 சதுர அடி தருகிறோம் என்று சொல்லியிருந்தார்களே. குடியிருக்க வாங்கியவர்கள், இருப்பதை முடித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுந்து, “இடித்துக் கட்டி முடிப்பதற்குள் நான் இருப்பேனா, தம்பி?” என்று கேட்டார். அந்தக் குழுவின் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, பதினெட்டே மாதம். உங்கள் கையால்தான் பால் காய்ச்சுகிறோம்” என்றார். அரங்கில் கைதட்டல். வீடு வாங்கிய நாங்கள் வைத்திருக்கும் சங்கத்தின் செயலாளர், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், அவர் மட்டும், “தூணைத் தட்டிப் பார்த்து எழுதுவதற்குப் பெயர் ஆரூடம், சார். அறிக்கை என்றால் ஆய்வகத்திலிருந்து வரவேண்டும்” என்றார். அவரைக் காரியத்தைக் கெடுப்பவர் என்று பலர் பேசினார்கள். எனக்கும் அவருக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. ஆனால் அன்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று எங்களிடம் கட்டடமே மிஞ்சியிருக்காது.

அவர் விடாப்பிடியாக நின்றதால் சங்கச் செலவில் ஒரு கல்லூரியின் கட்டுமானத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தூணிலும் தளத்திலும் துளையிட்டு உருளை உருளையாகக் கான்கிரீட் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தார்கள். உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் சோதித்தார்கள். கீழ்த்தளத் தூண்களில் வலுவுக்குக் குறைவில்லை. கடலைப் பார்த்த பால்கனிகளுக்குப் பழுதுபார்ப்பு வேண்டும், மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் பலவற்றை வெட்டி மாற்ற வேண்டும். இடிக்கத் தேவையில்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள்.

பிறகு ஏன் இடிப்பதில் அவ்வளவு ஆர்வம்? எங்கள் அனுமதி பழைய விதிப்படி வாங்கியது. அப்போது மனையின் பரப்பில் ஒன்றரை மடங்குதான் கட்டலாம், உயரம் 15.25 மீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது அது இரண்டு மடங்காகவும் 18.30 மீட்டராகவும் உயர்ந்தது. அதாவது, இடித்துக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு பரப்பு கூடுதலாகக் கிடைக்கும். அதை விற்றுத்தான் எங்களுக்குக் கட்டித்தரத் திட்டம். தங்கள் கையிலிருந்து போடப் பணம் கிடையாது. தொழிலில் இது நடப்பதுதான், குற்றமும் அல்ல. மறைத்ததுதான் குற்றம்.

ஆய்வறிக்கை வருவதற்கு முன்பே ஒப்புதல் கடிதத்தை அவர்கள் வீடுவீடாகக் கொண்டுபோயிருந்தார்கள். பாதித் திட்டத்தை ஒரு பில்டர் இன்னொருவருக்குக் கைமாற்ற வேண்டுமென்றால், ரியல் எஸ்டேட் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அதோடு அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். எங்கள் கணக்கில் 24 கையெழுத்து. அவர்கள் 19 வரை சேர்த்துவிட்டார்கள். ஆணையத்தின் அனுமதி பற்றிக் கேட்டபோதெல்லாம் ‘கோப்பு நகர்கிறது’ என்ற பதில்தான் வந்தது. விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அந்தக் கடிதத்தின் முதல் ஐந்து பத்திகளில் தரைக்கு என்ன கல், சமையலறைக்கு என்ன மேடை என்று தேனாக ஓடும். ஆறாவது பத்தியில், ‘முந்தைய நிறுவனத்தின் மீது தாமதம், வட்டி, இழப்பீடு ஆகியவை தொடர்பாக எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று ஒரு வரி. சட்டத்தின் 18-ஆம் பிரிவு தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கும் உரிமையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதை ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் 15-ஆம் பிரிவே, புதிதாக வருபவர் பழையவரின் எல்லாக் கடமைகளையும் சுமக்க வேண்டும், கைமாறியதைக் காட்டிக் காலக்கெடுவை நீட்டிக்க முடியாது என்கிறது. இப்போது பழைய பில்டரின் வழக்கறிஞர் ஆணையத்தில் எடுத்து நீட்டுவது இந்தக் கடிதங்களைத்தான். அவர் கைக்கு அவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

எட்டாவது பத்தி அதைவிடக் கொடியது. புதிய வரைபட அனுமதிக்குத் தேவை என்று சொல்லி, மனைப் பங்கின் மீது பொது அதிகாரப் பத்திரம் (நம் சார்பில் அவர்களே செயல்பட உரிமை தரும் பத்திரம்) எழுதிக்கொடுக்க ஒப்புக்கொள்ளும் பத்தி அது. வங்கிக் கடன் உள்ளவர்களின் மூலப்பத்திரம் வங்கியில் இருந்ததால் தப்பித்தார்கள். கடனில்லாமல், ஓய்வுக்காலப் பணத்தில் வாங்கிய ஏழு பேர் அதிகாரம் எழுதிப் பதிந்து, மூலப்பத்திரத்தையும் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியையும் அவர்களில் ஒருவர். சில மாதம் கழித்துச் செயலாளர் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தார் (பார்ப்பதற்குக் கட்டணம்கூடக் கிடையாது). அந்த ஏழு மனைப் பங்குகளும் ஒரு நிதி நிறுவனத்தில் அடமானம். அதிகாரப் பத்திரத்தின் உள்ளே ‘அடமானம் வைக்கவும்’ என்ற இரண்டு சொற்கள் இருந்தன. அதிகாரத்தை ரத்து செய்து பதிந்துவிட்டோம். ஆனால் ரத்துக்கு முன்னால் வைத்த அடமானத்தை அது தொடாது. அதற்குத் தனி வழக்கு நடக்கிறது.

பணக் கதையும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் 17 குடும்பங்கள் தலா ஒன்றரை லட்சம் கட்டினோம். ‘திட்டம் நடக்காவிட்டால் திருப்பித் தருவோம்’ என்று வாயால் சொன்னார்கள். ரசீதைப் பாருங்கள்: முன்பணம் என்று இல்லை, ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. பணம் போனதும் திட்டத்துக்கான தனிக் கணக்குக்கு அல்ல, அவர்களுடைய பொதுக் கணக்குக்கு. வாங்கியவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்பது ரெராவின் அடிப்படை விதி. பதிவே செய்யாதவர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

இப்படி ஒரு குழு உங்கள் சங்கத்துக்கு வந்தால் முதலில் ஆணையத்தில் போட்ட விண்ணப்பத்தின் எண்ணைக் கேளுங்கள். போண்டாவைப் பிறகு சாப்பிடலாம். கடிதத்தை அங்கேயே கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்துப்போங்கள். சங்கத்தின் வழக்கறிஞர் படிக்காத தாளில் யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று கூட்டத்தில் தீர்மானமே போடுங்கள், ஏனென்றால் அவர்கள் உடைப்பது அங்கேதான். கட்டடத்தின் வலுவை நீங்கள் பணம் கொடுத்து அழைத்த ஆட்கள் சோதிக்கட்டும். நில உரிமையாளர் உட்காராத பேச்சுவார்த்தையும் வீண். எங்கள் கூட்டங்கள் எதற்கும் அவர் வந்ததே இல்லை, விற்காத 12 வீடுகளின் மனைப் பங்கு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். திட்டத்தின் பதிவு காலாவதியானால், மீதி வேலையை எப்படி முடிப்பது என்று அரசைக் கலந்து முடிவெடுக்கும் அதிகாரத்தை 8-ஆம் பிரிவு ஆணையத்துக்குக் கொடுக்கிறது. அந்த வேலையை எடுத்துச் செய்வதில் முதல் உரிமை வாங்கியவர்களின் சங்கத்துக்கு. நாங்கள் அந்த வழியில் மனுப் போட்டிருக்கிறோம். இடிப்புக் கட்சியில் இருந்த பலரும் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்; எல்லோரும் அல்ல, இன்னும் நான்கைந்து பேர் நீச்சல் குளத்தை விடவில்லை. மனு மெதுவாகத்தான் நகர்கிறது. மொட்டைமாடிக் கம்பிகளுக்குத் துருவைச் சுரண்டிச் சிமெண்ட் பால் அடித்து வைத்திருக்கிறோம். மத்தியக் குற்றப்பிரிவில் புகாரும் கொடுத்திருக்கிறோம்.

அந்தக் குழு சும்மா இருக்கவில்லை. துரைப்பாக்கம் பக்கம் நின்றுபோன இன்னொரு திட்டத்தில் வாங்கியவர்களை இந்த மாதம் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழ் எனக்கும் சுற்றி வந்தது. ‘நாங்கள் எடுத்து முடிக்கும் திட்டங்கள்’ என்ற தலைப்பின் கீழே முதலில் இருப்பது எங்கள் கட்டடத்தின் படம், மொட்டைமாடி நீச்சல் குளத்தோடு. அங்கே எந்த வேலையும் நடக்கவில்லை. சந்தேகமிருப்பவர்கள் கொட்டிவாக்கம் வந்தால், எங்கள் செயலாளரே ஆறாவது பத்தியையும் எட்டாவது பத்தியையும் காட்டுவார்.