கோடரி பிடித்தவர்கள் எங்கே? ‘புஷ்பா 2’, ‘விடுதலை 2’ பார்த்தபின்

2024 டிசம்பரில் பதினைந்தே நாள் இடைவெளியில் இரண்டு இரண்டாம் பாகங்கள் திரைக்கு வந்தன. 5ஆம் தேதி சுகுமார் இயக்கிய ‘புஷ்பா 2’, 20ஆம் தேதி வெற்றிமாறன் இயக்கிய ‘விடுதலை பாகம் 2’. ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையும் அரூரும் தத்தளித்த வாரத்தில் முதல் படம் வெளியானதால், வெள்ளம் வடிந்து பேருந்துகள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகே தர்மபுரித் திரையரங்கு ஒன்றில் அதைப் பார்த்தேன். இரண்டாவது படத்தை வெளியான மூன்றாம் நாள், அதே அரங்கில், அரூர்ப் பக்கத்து மைத்துனரோடு பார்த்தேன். ஒன்று செம்மரம் கடத்துபவனின் கதை. மற்றது மலைக்கிராம மக்களுக்கும் காவல் துறைக்கும் நடுவே நிற்கும் ஒரு வாத்தியாரின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, தர்மபுரி மாவட்டத்துக்காரன் என்பதாலேயே, என் கண் வேறொரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

‘புஷ்பா 2’ மூன்று மணி இருபது நிமிடம் ஓடுகிறது. முதல்வரோடு ஒரு படம் எடுத்துவர வேண்டும் என்று மனைவி ஆசைப்பட, முதல்வர் அதற்கு மறுக்க, மறுத்த முதல்வரையே மாற்றிவிடுவதென்று ஒரு கடத்தல்காரன் கிளம்புகிறான் என்று வாயால் சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அரங்கில் அது எடுபடுகிறது. அந்தக் கடத்தல்காரன் புஷ்பராஜின் வீம்புக்கு அடியில், தகப்பன் வீட்டுப் பெயர் மறுக்கப்பட்ட ஒரு மகனின் ஆறாத புண் இருப்பதை இயக்குநர் கடைசிவரை மறக்கவில்லை. கங்கம்மா ஜாத்திரைக் காட்சி இந்தப் படத்தின் உச்சம். திருப்பதியில் அந்தத் திருவிழாவின்போது ஆண்கள் பெண்வேடம் பூணும் வழக்கம் உண்டு. சேலை உடுத்தி, முகத்தில் நீலம் பூசி அல்லு அர்ஜுன் ஆடும்போது, அது நட்சத்திரத்தின் வித்தையாகத் தெரியாமல் அருள் வந்த ஒருவரின் ஆட்டமாகத் தெரிகிறது. காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளையில் காளி வேடம் கட்டி வருபவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதன் பிறகு படம் அந்த உயரத்தை எட்டவே இல்லை. ஃபஹத் ஃபாசில் நடித்த காவல் அதிகாரி ஷெகாவத் முதல் பாகத்தின் முடிவில் தந்த அச்சம் இதில் பாதியிலேயே கேலியாகக் கரைந்துவிடுகிறது. கடைசிச் சண்டைகளில் அரை மணி நேரத்தை வெட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ்ப் பதிப்பில் சித்தூர்ப் பேச்சின் மணம் போய்விட்டது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் மூலப் பதிப்பையே பார்ப்பது நல்லது.

இனி நான் தேடிய ஆளுக்கு வருகிறேன். முதல் பாகத்தில் புஷ்பராஜ் கூலிக்குக் கோடரி பிடித்தவன். இரண்டாம் பாகத்தில் அவன் முதலாளி. கோடரி பிடிப்பவர்கள் கூட்டமாகி விடுகிறார்கள். கைதான கூலிகளை மீட்பதற்காகக் காவல் நிலையத்திலுள்ள காவலர்களையே பணம் கொடுத்து வேலையைவிட்டுப் போகச் செய்கிற காட்சிக்கு அரங்கில் விசில் பறந்தது. அங்கேகூட அந்தக் கூலிகள், தலைவனின் தாராளத்தைக் காட்ட நிறுத்தப்பட்டவர்கள்தாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் மரம் வெட்டப் போன இருபது பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போன அவர்களில் எங்கள் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் ஒரு மசாலாப் படம் சொல்லியாக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டாவது படத்தின் இடைவேளையில் தேநீர்க் குவளையோடு நின்ற மைத்துனர், ‘புஷ்பா’வைப் பற்றி, “இத்தனை பேர் வெட்டுறாங்களே மாமா, ஒருத்தர் பேராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

‘விடுதலை’யில் பெயர்கள் இருக்கின்றன. முதல் பாகத்தில் மலைக்கிராமத்துப் பெண்களைக் காவல் நிலையத்தில் அடைத்து வதைக்கும் காட்சிகளை, வாச்சாத்தியை நினைக்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத்தைப் பதுக்கியதாகச் சொல்லி வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் புகுந்த ஊர் அது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தர்மபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அப்படிப்பட்ட முதல் பாகத்துக்குப் பின் வந்ததால்தான் இரண்டாம் பாகத்தின் மீது எனக்கு மனக்குறை. கைதான பெருமாள் வாத்தியாரைக் காவலர்கள் காட்டு வழியே நடத்திச் செல்ல, அவர் தம் கதையை அவர்களுக்கே சொல்லிக்கொண்டு போகிறார். நல்ல அமைப்பு. பண்ணையாரின் கொடுமைக்கு எதிராகக் கென் கருணாஸின் கருப்பன் வெகுண்டெழும் பகுதியும், கிஷோரும் மஞ்சு வாரியரும் வரும் சர்க்கரை ஆலைத் தொழிற்சங்கப் பகுதியும் திடமானவை. ஆயினும் போகப்போகக் காட்சி பின்வாங்கிப் பேச்சு முன்னால் வந்துவிடுகிறது. ஆயுதமா, மக்களைத் திரட்டுவதா என்ற விவாதம் எங்களுக்குப் புதிதன்று. நாயக்கன்கொட்டாயில் நக்சல் இயக்கத்தினரான அப்பு, பாலன் நினைவிடத்தைக் கடந்து போய்வருகிற மாவட்டம் இது. அந்த விவாதம் பாத்திரங்களின் முகத்தில் நடந்திருந்தால் மனத்தில் தைத்திருக்கும். பல இடங்களில் அது பொதுக்கூட்ட உரையாக ஒலிக்கிறது. உதட்டசைவும் குரலும் பொருந்தாத இடங்கள் அந்த எண்ணத்தை மேலும் கூட்டுகின்றன. முதல் பாகத்தின் உயிராக இருந்த சூரியின் காவலர் குமரேசன் இதில் பெரும்பாலும் தாய்க்குக் கடிதம் எழுதும் சாட்சியாகக் குறுகிவிட்டார். வாத்தியாராக வரும் விஜய் சேதுபதி மட்டும், நீண்ட வசனத்தைக்கூட நடந்து களைத்த மனிதரின் மூச்சோடு பேசி, பல காட்சிகளைக் காப்பாற்றுகிறார்.

அரங்கைப் பற்றியும் ஒரு சொல். ‘புஷ்பா 2’க்குக் காது அதிர வைத்த ஒலியளவை அப்படியே விட்டிருந்ததால், ‘விடுதலை’யில் இளையராஜாவின் இசை மெல்ல எழ வேண்டிய இடங்களிலும் இரைச்சலாயிற்று, சொன்ன பிறகும் குறைக்கவில்லை.

தணிக்கைச் சான்றிதழில் ‘புஷ்பா 2’ யு/ஏ, ‘விடுதலை’யின் இரு பாகங்களும் ஏ. ஆகவே முன்னதைக் குடும்பத்தோடு பார்க்கலாம், ஜாத்திரைக் காட்சியைப் பெரிய திரையில் பார்ப்பதே முறை. பின்னதை, முதல் பாகத்தை ஒருமுறை வீட்டில் பார்த்துவிட்டுத் தனியாகவோ நண்பரோடோ பாருங்கள். காவல் நிலையக் காட்சிகள் வரும்போது குழந்தைகள் பக்கத்து அறையில்கூட இருக்க வேண்டாம். அந்தக் குரல்கள் சுவரைத் தாண்டிக் கேட்கும்.