கீழக்கரையிலிருந்து ஓர் இணையவழி எம்சிஏ: இரண்டு ஆண்டு இணையப் பாதுகாப்புப் படிப்பு எப்படி இருந்தது?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான கீழக்கரையில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, இணையப் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட இரண்டு ஆண்டு எம்சிஏ (கணினிப் பயன்பாட்டு முதுகலை) படிப்பை இணையவழியில் முடித்திருக்கிறேன். மொத்தம் நான்கு பருவங்கள். பருவத்துக்கு 24,000 ரூபாய், தேர்வுக் கட்டணம் தனி. சில குறைகளைக் கடுமையாகவே எழுத வேண்டியிருப்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை. வேறு இடங்களில் இதே பட்டத்தைப் படித்த நண்பர்களும் ஏறக்குறைய இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் வேண்டும் என்பவருக்குக் கொடுத்த காசு வீண்போகாது. தொழில் கற்க வேண்டும் என்பவர், அதற்கான ஆய்வகத்தைத் தன் வீட்டு மேசையில் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்று ஆண்டுகளாக இருந்த எம்சிஏவை 2020-21 கல்வியாண்டு முதல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தது. வேலையை விட்டுவிட்டு மதுரையில் அறை எடுத்துப் படிக்க வழியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு, அந்த மாற்றமும் இணையவழி அனுமதியும் சேர்ந்துதான் இந்தக் கதவைத் திறந்தன. சேர்வதற்கு முன் ராமநாதபுரத்தில் ஒரு முகவர், தன் மையத்தின் வழியாகச் சேர்ந்தால் தேர்வையும் தானே 'பார்த்துக்கொள்வதாக'ச் சொன்னார். இணையவழிப் பட்டப் படிப்பைக் கிளை உரிமையாக விற்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் இடம் தருவதில்லை என்பதை அப்போதே அறிந்திருந்ததால் தப்பித்தேன். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பை நடத்த அனுமதி இருக்கிறது என்ற பட்டியலைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் சேர்க்கை ஆண்டும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாடப் பொருள்களைப் பொறுத்தவரை, அடிப்படைகள் நன்றாகவே இருந்தன. வலையமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம் ஆகிய மூன்றையும் எடுத்த ஆசிரியர்கள் அவசரப்படாமல் விளக்கினார்கள். இளநிலையில் மனப்பாடம் செய்து மறந்த, வலையமைப்பின் ஏழு அடுக்குகள் எதற்காக என்பது எனக்கு விளங்கியதே இங்கேதான். சிறப்புப் பாடங்களுக்கு வரும்போதுதான் சரக்கு பழையது என்பது தெரிந்தது. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கப் பாடத்தில் 56 பிட் சாவி கொண்ட டிஇஎஸ் முறைக்கு இரண்டு அத்தியாயங்கள் ஒதுக்கியிருந்தார்கள். 1998லேயே தனிக் கருவி கட்டி மூன்று நாளுக்குள் உடைத்துக் காட்டப்பட்ட முறை அது. 2001 முதல் அதன் இடத்தில் இருக்கும் ஏஇஎஸ் முறைக்கோ பத்துப் பக்கங்கள்தான். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் முறையின் 1.3 பதிப்பு வெளிவந்தது 2018ல். எங்கள் பாடப் புத்தகம் இன்னும் அதன் பழைய முன்னோடியான எஸ்எஸ்எல் என்றே எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆய்வகம் என்று பல்கலைக்கழகம் தந்தது உலாவியில் ஓடும் ஒரு செயல்விளக்கம் மட்டுமே. 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், தாக்குதல் தானாக நடந்து முடிந்து 'வெற்றி' என்று காட்டும். நீந்தத் தெரியாதவனுக்குக் கடலின் படத்தைக் காட்டுவது போலத்தான் இது. எனவே காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 8 ஜிபி மடிக்கணினியில் ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, ஊடுருவல் சோதனைக் கருவிகள் கொண்ட காளி லினக்ஸையும், வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிள் என்ற பயிற்சிக் கணினியையும் வெளி இணையத்தோடு தொடர்பில்லாத தனி வலையமைப்பில் ஓடவிட்டேன். இந்த மென்பொருள்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைப்பவை. மறக்க முடியாத இரவு ஒன்று உண்டு. அந்தப் பயிற்சிக் கணினியில் வி.எஸ்.எஃப்.டி.பி.டி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் இருக்கிறது. 2011ல் அதன் தரவிறக்கப் பிரதியில் யாரோ ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்கள். பயனர் பெயரின் முடிவில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்த சிரிப்பு முகத்தைத் தட்டச்சு செய்தால், கடவுச்சொல் என்னவாக இருந்தாலும் 6200 என்ற போர்ட் (கணினியின் இணைப்பு வாயில்) திறந்துகொள்ளும். நான் தட்டச்சு செய்தேன். திரையில் எதுவுமே நடக்கவில்லை, கர்சர் அப்படியே நின்றது. இன்னொரு சாளரத்திலிருந்து 6200க்குத் தொடர்பு கொண்டு, 'நான் யார்' என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்ததும் 'ரூட்' என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தது. அந்தக் கணினியில் முழு அதிகாரமும் கொண்ட பயனரின் பெயர் அது. நான்கு பருவங்களின் காணொளிகள் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு சொல் கற்பித்ததைக் கற்பிக்கவில்லை.

மறுநாள் கடையில் எங்கள் சிசிடிவி பதிவுக் கருவியின் உள்நுழைவுப் பக்கம் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் இருப்பதைக் கவனித்து, முதலாளியிடம் அனுமதி கேட்டு, வலையமைப்பில் போகும் தரவைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓட்டினேன். அவர் கண் முன்னாலேயே கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து திரையில் தெரிந்தது. அன்று மாலையே அதை மாற்றினோம், பக்கத்தையும் வெளி இணையத்திலிருந்து துண்டித்தோம்.

அனுமதி கேட்டேன் என்று எழுதியதற்குக் காரணம், இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் சட்டம் என்பதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி, உரியவரின் அனுமதியின்றித் தீய நோக்கோடு ஒரு கணினிக்குள் நுழைந்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நான் இதைப் படிக்கிறேன் என்று தெரிந்த நாள் முதல், "மச்சான், பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டை எடுத்துத் தருவியா?" என்று கேட்காத நண்பனே இல்லை. அவர்களுக்கெல்லாம் இந்தப் பிரிவுகளைத்தான் பதிலாகச் சொல்கிறேன். இந்தப் பாடத்தின் அச்சுப் புத்தகத்திலும் ஒரு கோளாறு இருந்தது: 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய 66ஏ பிரிவை, நடப்பில் உள்ள சட்டம் போலவே விளக்கியிருந்தார்கள். நேரலை வகுப்பு எடுத்த ஆசிரியை அதைத் திருத்தியதோடு, 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவையும் வரிவரியாக நடத்தினார். இணையப் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற அந்த விதிகளை நேர்காணல் ஒன்றில் என்னிடம் கேட்டார்கள். அவர் வகுப்பு இல்லாதிருந்தால் திருதிருவென விழித்திருப்பேன்.

ஊர் மக்கள் கேட்பதற்கோ பாடத்திட்டத்தில் இடமே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் நடப்பவை. வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான உம்மாமார்தான். ஒரு நாள் பக்கத்து வீட்டு உம்மா, "பேங்குலேந்து பேசுறோம்னு சொன்னாங்க, நம்பரச் சொல்லிட்டேன், என்ன வாப்பா செய்ய?" என்று கையில் கைப்பேசியோடு வந்து நின்றார். உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தோம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு என்பதால், அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. முதுகலைப் பட்டம் ஒன்று இதற்கு அரைப் பக்கம்கூடக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தேர்வைப் பற்றி இங்கிருந்து படிக்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்தே, கேமராவும் ஒலிவாங்கியும் கண்காணிக்க எழுதும் மூன்று மணி நேரத் தேர்வு அது. முதல் பருவத்தில் பிற்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஜன்னலை அடைத்தும், பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்ததும் மென்பொருள் அதை 'அறையில் வேறொருவர் குரல்' என்று குறித்து எச்சரித்தது. அடுத்துக் கதவு தட்டப்பட்ட சத்தத்துக்கு இன்னொன்று. மூன்றாவது எச்சரிக்கையில் திரை பூட்டிக்கொண்டது. அந்தத் தாளின் முடிவை நிறுத்திவைத்தார்கள். விளக்கம் எழுதி, மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பி, நாற்பது நாள் கழித்துத்தான் மதிப்பெண் வந்தது. ஒவ்வொரு பதிலும் வேறொருவர் பெயரில், முந்தைய மின்னஞ்சலைப் படிக்காமலே எழுதப்பட்டது போல இருந்தது. அதன் பிறகு காலை 9 முதல் 12 வரையிலான நேரத்தையே எடுத்தேன். அந்த இடைவெளியில் எங்கள் ஊரில் பாங்கு இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை எந்த நாள் என்று முன்பே பார்த்துவைத்து, இன்வெர்ட்டரும் இரண்டு நிறுவனங்களின் சிம்முமாகத்தான் உட்கார்ந்தேன்.

இறுதிப் பருவத் திட்டப்பணிக்கு எங்கள் கடையின் பில்லிங் தரவைக் காக்கும் ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டேன். பாதுகாப்பின் மூன்று தூண்களாக ரகசியம், மாறாமை, கிடைக்கும் தன்மை ஆகியவற்றைச் சொல்வார்கள். மூன்றாவதைக் கடற்கரையில் இருப்பவனுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையின் வலையமைப்பு அடிக்கடி அறுந்துபோனபோது லேன் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டு ஊசிகளில் மூன்று பச்சை பூத்திருந்தன. உப்புக் காற்றின் வேலை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்ற முறைப்படி, வெளியிடப் பிரதியை ராமநாதபுரத்தில் இருக்கும் ராத்தா (அக்கா) வீட்டு அலமாரியில் வைத்தேன். வாரம் ஒரு முறை அதிலிருந்து தரவை மீட்டெடுத்தும் பார்த்தேன். வைவாவில் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்க எண்ணும் மேற்கோள் வடிவமும் சரியா என்றுதான் பார்த்தார்கள்.

வேலை வாய்ப்புப் பிரிவு என்று விளம்பரத்தில் இருந்ததன் பொருள், மாதம் இரண்டு மின்னஞ்சல். அதிலும் பெரும்பாலானவை விற்பனை வேலை. இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் தொடக்க நிலைப் பணிக்கு விண்ணப்பித்தபோது பட்டத்தோடு செக்யூரிட்டி பிளஸ் போன்ற தனிச் சான்றும் கேட்டார்கள். அந்தத் தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்தே இந்தப் படிப்பின் செலவைக் கணக்கிடுங்கள்.

வளைகுடாவை மனதில் வைத்துச் சேர்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யுஜிசி ஏற்பது வேறு, அங்குள்ள நிறுவனமும் அரசும் இணையவழிப் பட்டத்தை ஏற்பது வேறு. அதைச் சேர்வதற்கு முன்பே அங்கே இருப்பவர்களிடம் விசாரிக்க வேண்டும். துபாய்க்குப் போகும் பட்டச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று மூன்று முத்திரை பெற்ற பிறகுதான் விமானம் ஏறும். என் பாஸ்போர்ட்டில் வாப்பா (தந்தை) பெயர் முழுமையாக இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் நான் முன்னெழுத்தை மட்டும் போட்டிருந்தேன். காக்கா தொலைபேசியில், "பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஃபார்ம் எழுதியிருக்கக் கூடாதாடா?" என்று கேட்டார். பெயர் திருத்த விண்ணப்பத்தோடு சான்றிதழைத் திருப்பி அனுப்பி, 2,000 ரூபாயும் கட்டி, இப்போது காத்திருக்கிறேன்.