பொலிஸ் முறைப்பாடா, பாதுகாப்புக் கட்டளையா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கீழ் வீட்டு அக்கா, சேலைத் தலைப்பால் முழங்கைக் காயத்தை மூடிக்கொண்டு கேட்டார்: "பொலிசுக்குப் போறதா, கோட்டுக்குப் போறதா தங்கச்சி?" பொலிசில் முறைப்பாடு; கோட்டில், அடிக்கிற கணவரைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை. கணவரின் குடியோ கடனோ, காரணம் எதுவானாலும் அடி விழுவது அக்காமேல். பள்ளிக்கூடத்தில் பேச்சை நிறுத்தியது அவருடைய மகள்.

வேகம்: அடி விழும் நேரத்தில் பொலிஸ்தான். நடு இரவிலும் 119 எடுக்கலாம். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

செலவு: முறைப்பாட்டுக்குக் காசில்லை. வழக்கறிஞர் வைத்தால் செலவு. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நீடிப்பு: இங்கேதான் பெரிய வித்தியாசம். பொலிசில் பல தடவை இருவரையும் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் அதே கதவு, அதே கை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் முதலில் இடைக்காலக் கட்டளை தரலாம். 14 நாட்களுக்குள் விசாரணை. பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். கணவர் வீட்டுக்குள் வருவதையே தடுக்கலாம். மீறினால் சிறைகூட உண்டு.

மொழி: வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், புரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

இன்றிரவு ஆபத்து என்றால் பொலிஸ். வருடக்கணக்காக அடி என்றால் புதுக்கடை நீதவான் நீதிமன்றம். உங்களுக்காகப் பொலிஸ் அதிகாரியும் அங்கே விண்ணப்பிக்கலாம். அக்காவுக்கு நான் சொன்னது இரண்டும்: முதலில் முறைப்பாடு, அதன் பிரதியோடு கோட்டு.