குண்டின் நுனி: சீவுவதா, கூராக்குவதா?

1000 கெஜ இலக்குப் போட்டிக்குத் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வோர் பலர், திறந்த முனைக் குண்டுகளின் ஒழுங்கற்ற நுனியை என்ன செய்வதென்று தயங்குகிறார்கள். செப்பு உறை நுனியில் குவிந்து முடிவதால், பூதக்கண்ணாடியில் அந்த விளிம்பு கிழிந்த காகிதம்போலத் தெரியும்.

சீவினால், அதாவது நுனி விளிம்பைச் சமமாக வெட்டினால், நுனிகள் ஒன்றுபோலாகும். ஆனால் அவை சற்று மழுங்குவதால் காற்றுத்தடை கூடும்.
கூராக்கினால், அதாவது அச்சுக்குள் அழுத்தி நுனியை ஒடுக்கினால், தடை குறையும். ஆனால் அச்சில் சிறிதே மிகையாக அழுத்தினாலும் நுனிக்குப் பின்னால் புடைத்து, குண்டு பாழாகும்.

சீவக் கைக்கருவி போதும். கூராக்கத் தனி அச்சு வாங்க வேண்டும்.

300 கெஜத்துக்குள் சுடுபவருக்கு இரண்டுமே வீண்வேலை என்பேன். தொலைவில் மேல்கீழ்ச் சிதறலை மட்டும் குறைக்க நினைப்பவர் சீவலாம். பக்கக் காற்றின் விலகலும் குறைய வேண்டுமெனில், சீவிய பின் கூராக்குவதே பொருந்தும். பிளாஸ்டிக் முனைக் குண்டுகளுக்கு இரண்டும் தேவையில்லை.