வேக அலகு மாற்றும் செயலி: மாக் எண்ணில் மட்டும் கவனம்

இயற்பியல் பாடம் எடுக்கிறேன், அதனால் இந்தச் செயலி என் போனில் எப்போதும் திறந்தே இருக்கும். எண்ணைத் தட்டத் தட்டவே மணிக்குக் கிலோமீட்டர், மைல், நாட், நொடிக்கு மீட்டர் எல்லாம் ஒரே திரையில் மாறிவிடுகின்றன. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர், அதை 1.85 என்று வெட்டாமல் கணக்கிடுவது எனக்கு ரொம்பப் பிடித்தது.

வேகம் ஒலியின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் மாக் எண் விஷயத்தில்தான் மனத்தாங்கல். மாக் 1-க்கு எப்போதும் மணிக்கு 1,225 கிலோமீட்டர் என்றே காட்டுகிறது. கடல்மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸில் அது சரி. ஆனால் விமானங்கள் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரியைத் தொடும். அங்கே ஒலியின் வேகமே சுமார் 1,062தான். காற்றின் வெப்பநிலையைக் கேட்க ஒரு கட்டம் வைத்தாலே போதும், தயவுசெய்து அடுத்த பதிப்பிலாவது சேர்த்துவிடுங்கள்.