பிபிசியோட 6 மினிட் இங்லிஷ்: ஒன்றரை வருசமா கேக்கறேன், என் ரிவ்யூ

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது பையர்ங்களோட துணி ஆர்டர பாத்துக்கற ஆளா இருக்கேங்க, படிச்சதெல்லாம் தமிழ் மீடியம். மெயில் எழுதறதுல பிரச்சனை இல்ல, ஷேடு, ஜிஎஸ்எம்ங்கற துணி எடை, டெலிவரி டேட்னு வருசக்கணக்கா அதே வார்த்தைங்க தான். ஆனா லண்டன் பையர் கால்ல வந்துட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி லேப் டிப் (கலர் ஓகே வாங்க முதல்ல சாயம் போட்டு அனுப்பற சின்ன சாம்பிள் துணி) பத்தி பேசறப்ப அந்தம்மா "வீ கான்ட் டேக் திஸ் ஷேடு"ன்னு சொல்லியிருக்காங்க, என் காதுல விழுந்தது "வீ கான் டேக்". "ட்" சத்தமே கேக்கல, அப்ப ஓகேதான்னு நினைச்சு துணிக்கு சாயம் போடற டையிங் யூனிட்டுக்கு போன் பண்ணி போடச் சொல்லிட்டேன். மறுநாள் மெயில பாக்கறப்ப 180 கிலோ துணி சாயம் ஏறி முடிஞ்சிருச்சு. அன்னைக்கு நைட் சாப்பாடே இறங்கல.

அதுக்கப்புறம் ஒரு ஸ்போக்கன் இங்லிஷ் கிளாஸ்ல காசு கட்டி மூணு மாசம் போனேன், பேரு வேண்டாம். டென்ஸ், ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்னு நோட்டு நிறைய எழுதினோம், ஒரு நாள் கூட வெள்ளைக்காரங்க பேசறத போட்டுக் காட்டல. எழுதி எழுதிக் காது எப்படிங்க பழகும்?

அப்பத்தான் எங்க ஆபீஸ் டிசைனர் பொண்ணு இத சொன்னா. பிபிசி 1943ல இருந்தே இங்லிஷ் சொல்லிக் குடுக்கறாங்களாம், இது அவங்களோட பாட்காஸ்ட், ஃப்ரீ. ரெண்டு பேர் ஒரு டாபிக் எடுத்து ஆறு நிமிசம் பேசுவாங்க, ஆரம்பத்துல ஒரு கேள்வி, மூணு ஆப்ஷன், பதில் கடைசில தான் சொல்லுவாங்க, அதனால பாதில நிறுத்த மனசு வராது. நடுவுல கஷ்டமான வார்த்தைங்களுக்கு அர்த்தம் சொல்லி முடிவுல மறுபடி ஒரு தடவ ஓட்டிருவாங்க. பேசறது பிடிஎஃப்பா கிடைக்குது, ஆனா வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்காது, அத அவங்களே மேல போட்டிருக்காங்க. எனக்கு முதல்ல இது தெரியாம நம்ம காது தான் சரியில்லன்னு ஒரு வாரம் மனசு விட்டுப் போச்சு.

நான் செய்யறது இப்படி. அவினாசில பஸ் ஏறினா திருப்பூர் வர்றதுக்குள்ள ஒரே எபிசோட மூணு தடவ. முதல் தடவ பிடிஎஃப் பாக்காம, ரெண்டாவது பாத்துக்கிட்டே, மூணாவது ஸ்பீட கொறைச்சு வச்சு அவங்க கூடவே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு. மூணாவது தான் முக்கியம். வாயில வராத சத்தம் காதுலயும் பிடிபடாதுங்க, இது என் அனுபவம்.

இதோட அவங்களே போட்டிருக்கற டிம்ஸ் ப்ரொனன்சியேஷன் வொர்க்‌ஷாப்னு சின்னச் சின்ன வீடியோவும் பாருங்க, வார்த்தைங்க ஒண்ணோட ஒண்ணு எப்படி ஒட்டுதுன்னு காட்டுவாங்க. அத பாத்தப்ப எனக்கு ஸ்கூல் தமிழ் இலக்கணம் தான் ஞாபகம் வந்துச்சு. மணி, அடிச்சுதுன்னு தனித்தனியாவா சொல்றோம், மணியடிச்சுதுன்னு நடுவுல ஒரு ய் வருதில்ல, பூ எடுத்தேன்றது பூவெடுத்தேன் ஆகுதில்ல, அதே உடம்படுமெய் தான் அங்கயும். "வீ அக்ரீ" வந்து "வீயக்ரீ", "கோ ஆன்" வந்து "கோவான்". பால் ஊத்துன்னா பாலூத்துன்னு ஆகற மாதிரி "சென்ட் இட் ஓவர்" வந்து "சென்டிடோவர்". என் "கான்ட் டேக்"கும் இந்த மாதிரி தான், அடுத்த வார்த்தையும் ட்ல ஆரம்பிக்கறதால ரெண்டும் ஒண்ணாயிருச்சு. அதோட பிரிட்டிஷ்காரங்க முடியும்ங்கறதுக்கு வேகத்துல "கன்"னு குறுக்கித்தான் சொல்லுவாங்க, முடியாதுன்னா "கான்"னு நீட்டுவாங்க, அப்ப கவனிக்க வேண்டியது "ட்" சத்தத்த இல்ல, அந்த நீட்டத்த. இத யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா அந்தத் துணி தப்பிச்சிருக்கும்.

குறைன்னு பாத்தா, நீங்க பேசறத கேட்டுத் திருத்த ஆளில்ல. அதுக்கு நானும் அந்த டிசைனர் பொண்ணும் டீ டைம்ல பத்து நிமிசம் அன்னைக்கு கேட்ட டாபிக்க இங்லிஷ்லயே பேசறோம், தமிழ் வரக்கூடாதுன்னு பேச்சு. முதல் மாசம் பாதி நேரம் சும்மாவே உக்காந்திருந்தோம், இப்ப டைம் பத்தல. அப்புறம் பெரும்பாலும் பிரிட்டிஷ் உச்சரிப்பு தான், அமெரிக்கா பையர் "வாட்டர்"அ "வாடர்"ன்னு சொல்றதுக்கெல்லாம் வேற ஏதாச்சும் தனியா கேக்கணும்.

ஏபிசிடில இருந்து ஆரம்பிக்கறவங்களுக்கு இது ஆகாது. படிச்சா புரியுது, கேட்டா புரியலன்றவங்களுக்கு கண்டிப்பா சொல்லுவேன். புது எபிசோடுல இருந்து ஆரம்பிக்காதீங்க, பழசுல சாப்பாடு, துணி, தூக்கம்னு உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விசயமா பாத்து எடுங்க, அர்த்தம் தெரிஞ்சிருந்தா கவனம் பூரா சத்தத்து மேல போகும். ஒரு எபிசோட நாலு நாள் கேட்டாலும் தப்பில்ல, நான் அப்படித்தான் கேட்டேன்.