கிருஷ்ணகிரியில் டிரெய்லருக்கு டயர் மாற்றினோம்: ஒரு வருஷம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்

நானும் வீட்டுக்காரரும் ஒரு டிரெய்லர் கடை நடத்துகிறோம். ராகிக் களி, கம்பங்கூழ், கீரைக் குழம்பு, சீசனில் மாம்பழ ஜூஸ். ஒரே அச்சு, இரண்டு சக்கரம், பொலிரோவுக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வண்டி. மாதத்தில் இருபது நாளுக்கு மேல் கிருஷ்ணகிரியில் ஒரே இடத்தில் நிற்கும், திருவிழா, கண்காட்சி என்றால் ஓசூர், ஒகேனக்கல், மேட்டூர் வரைக்கும் போகும். 2024 ஆகஸ்டில் இதற்கு ஸ்டெப்னியோடு சேர்த்து மூன்று டயர் வாங்கினோம், அளவு 185 ஆர் 14 சி, 8 பிளை (டயர் எவ்வளவு சுமைக்கு உறுதி என்று காட்டுகிற எண்). டயரும் திருப்தி, வாங்கின கடையும் திருப்தி, கடையைப் பற்றி இரண்டு குறை மட்டும் உண்டு, பின்னால் சொல்கிறேன். கேம்பிங் டிரெய்லர், கேரவன் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் மாற்ற வேண்டி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆடிப்பெருக்குக்கு மேட்டூரில் கடை போடலாம் என்று இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினோம். காவேரிப்பட்டணம் தாண்டி, காரிமங்கலம் வருவதற்குள் பின்னால் படார் என்று ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன், கை கால் ஓடவில்லை. டிரெய்லர் இடது பக்கம் சாய்ந்து, பொலிரோவையும் சேர்த்து இழுத்தது. அவர் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, மெதுவாக ஓரம் கட்டினார். அப்படிச் செய்ததால்தான் தப்பித்தோம். டிரெய்லர் ஆடும்போது பிரேக்கை மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்து மடங்கும். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வெடித்திருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இருந்திருப்போம். அந்த இறக்கத்தில் எத்தனை லாரிகள் கவிழ்ந்திருக்கின்றன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டெப்னி கிடையாது. வண்டி செய்து கொடுத்த இடத்தில் ஸ்டெப்னி தரவில்லை, செகண்ட் ஹேண்டாக வாங்கின நாங்களும் கேட்கவில்லை. பொலிரோவின் ஸ்டெப்னி 15 அங்குலம், டிரெய்லர் சக்கரம் 14 அங்குலம். வெயிலில் நான்கு மணி நேரம் நின்றோம். ஊற வைத்த மாவு புளித்தே போனது. கடைசியில் காரிமங்கலத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரர் அதே அளவில் பழைய டயர் ஒன்றைத் தேடிக் கொடுத்தார், சாமானை எல்லாம் ஒரு டாடா ஏஸில் மாற்றிவிட்டு வெறும் வண்டியை ஊருக்கு உருட்டிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் கிழிந்த டயரைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோடு பக்கம் இருக்கிற ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர், லாரி டயரோடு வாழ்ந்தவர். "அண்ணா, பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரிதான் இருந்தது, எப்படி வெடிச்சுது?" என்று கேட்டேன். அவர் பட்டனை, அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டிகளை, பார்க்கவே இல்லை. டயரைத் தரையில் போட்டு, பக்கவாட்டில் கட்டை விரலை வைத்து அழுத்தி வளைத்தார். சும்மா பார்க்கும்போது மழமழவென்று இருந்த ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு திறந்தது, வற்றின ஏரி மண் மாதிரி. அப்புறம் டயரைப் புரட்டி, ஓரத்தில் துணியால் துடைத்து ஒரு சின்ன நீள்வட்டத்தைக் காட்டினார். அதில் 1116 என்று நான்கு எண்.

முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2016ஆம் வருஷத்தின் 11வது வாரத்தில் செய்த டயர். எட்டு வருஷம் முடிந்த டயரில்தான் நாங்கள் கேஸ் சிலிண்டரை வைத்து இழுத்துக்கொண்டிருந்தோம். இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும், எங்கள் டயரில் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். நாங்கள் வண்டி வாங்கும்போது ஃபிரிட்ஜைப் பார்த்தோம், அடுப்பைப் பார்த்தோம், பெயின்டைப் பார்த்தோம். இதைப் பார்க்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் தயவு செய்து இன்றைக்கே படுத்துப் பாருங்கள்.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. டயர் ஓடும்போது வளைந்து நிமிரும், அப்போது ரப்பரில் கலந்திருக்கிற மெழுகு மேலே கசிந்து வந்து வெயிலிலிருந்தும் காற்றில் இருக்கிற ஓசோனிலிருந்தும் அதைக் காக்கும். நின்றே கிடந்தால் அந்தக் கசிவு இல்லை. தினமும் ஓடும் காரின் டயரைவிட மாதத்துக்கு நான்கு நாள் ஓடும் டிரெய்லர் டயரை அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. விரல் அழுத்தியதும் திறந்த அந்த வெடிப்பைப் பார்த்த பிறகு வந்தது.

வயது மட்டும் காரணம் இல்லை. அந்த டயரில் 165/80 ஆர் 14, 85 டி என்று எழுதியிருந்தது. அது கார் டயர். 85 என்பது சுமைக் குறியீடு, அப்படியென்றால் ஒரு டயர் 515 கிலோதான் தாங்கும். "உங்க வண்டி என்ன எடைம்மா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. "எடை போட்டுட்டு வாங்க, அப்புறம் டயர் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். வந்த ஆளுக்கு ஏதோ ஒன்றைத் தள்ளிவிடாமல் திருப்பி அனுப்பினாரே, அதற்காகவே இந்தக் கடைக்கு முழு மார்க்.

எடை மேடை எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்தான். கடை போடும்போது என்னென்ன ஏற்றுவோமோ எல்லாவற்றையும் ஏற்றி, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனோம். கொக்கியைக் கழற்றாமல் டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் டயர் மீது இறங்குகிற எடை வரும்: 1,330 கிலோ. அப்புறம் மேடையின் ஓரமாக ஏற்றி ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வைத்துப் பார்த்தோம். இடது பக்கம் 720, வலது பக்கம் 610. ஃபிரிட்ஜும் தண்ணீர்த் தொட்டியும் இடது பக்கம். வெடித்ததும் இடது பக்கம். 515 கிலோ தாங்கும் டயர் மேல் 720 கிலோ. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதன் பிறகுதான் டயர் தேர்வு. அமெரிக்காவில் டிராவல் டிரெய்லருக்கென்றே எஸ்.டி. என்று எழுத்துப் போட்ட தனி டயர் வருகிறது. பக்கவாட்டு விறைப்பாக இருக்கும், டிரெய்லர் பக்கத்துக்குப் பக்கம் ஆடுவது குறையும், காரில் மாட்டக் கூடாது. இணையத்தில் டிரெய்லர் டயர் என்று தேடினால் முழுக்க அதுதான் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எங்களுக்கு இங்கே டயர் கடையில் கைக்குக் கிடைத்தது வேன், சின்ன லோடு வண்டிகளுக்கான டயர், அளவுக்குப் பின்னால் சி என்றோ எல்.டி. என்றோ இருக்கும். நாங்கள் எடுத்ததில் 102/100 என்று இருக்கிறது. முதல் எண் ஒற்றைச் சக்கரமாக மாட்டினால், இரண்டாவது லாரி மாதிரி ஜோடியாக மாட்டினால். 102 என்றால் 850 கிலோ. மோசமான பக்கத்தில் 720 என்றாலும் 130 கிலோ மிச்சம் இருக்கிறது. டயரின் முழுத் திறனுக்கும் சுமை ஏற்றாதீர்கள், கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள்.

டயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தோம். இந்த டயருக்கு முழுச் சுமையில் 65 பி.எஸ்.ஐ. வரைக்கும் காற்று பிடிக்க வேண்டும், 30 சொச்சம் காற்றுக்குச் செய்த கார் டிஸ்க்கில் (டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரம்) அதைப் போடுவது ஆபத்து என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். ஆணி ஓட்டைகள் பொருந்துகிற மாதிரி தடித்த லோடு வண்டி டிஸ்க் மூன்று ஓசூரிலிருந்து வரவழைத்தார், இரண்டு நாள் ஆனது. சாதாரண ரப்பர் வால்வுக்குப் பதில் ஸ்டீல் வால்வு. புது டயர் பழையதைவிட உயரம், சுமார் 3 செ.மீ., அதனால் மட்கார்டில் உரசுமா என்று முழுச் சுமையோடு குலுக்கிப் பார்த்தோம், இடைவெளி இருந்தது. இதைப் பார்க்காமல் பெரிய டயர் மாட்டிவிட்டு, முதல் பள்ளத்திலேயே டயரைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டாம்.

எந்தக் கம்பெனி என்று எல்லோரும் கேட்கிறார்கள். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, ஜே.கே., சியட் எல்லாவற்றையும் விசாரித்தோம், என் கணக்கில் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் முதலில் எடுத்துக் காட்டிய டயரில் 4821 என்று இருந்தது, 2021 கடைசியில் செய்தது, கிட்டத்தட்ட மூன்று வருஷம் கடையிலேயே கிடந்திருக்கிறது, விலையும் குறைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நம் டயருக்கு வயதுதான் ஆயுள் என்றால் அதில் பாதியை ஏன் கடையில் கழிக்க வேண்டும்? அடுத்து வந்தவற்றில் 1924 இருந்தது, மூன்றும் அதே தேதி, எடுத்துக்கொண்டோம். பெயர் தெரியாத இறக்குமதி டயரை விலைக்காக எடுக்காதீர்கள், பக்கவாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரீட்ரேட் டயரும், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டினதும், நல்லதுதான் என்று ஒருவர் சொன்னார். லாரிக்காரர்கள் ஓட்டுகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஒரே அச்சு டிரெய்லரில் ஒரு டயர் போனால் தாங்க இன்னொன்று இல்லை, அதனால் எங்களுக்கு வேண்டாம்.

செலவு, மூன்று டயர், மூன்று டிஸ்க், வால்வு, மாட்டுக் கூலி எல்லாம் சேர்த்து 27 ஆயிரத்துச் சொச்சம். டயருக்கு அப்போது 28 சதவீத ஜி.எஸ்.டி. பில்லில் டயர் நம்பரை எழுதி வாங்கினேன், வாரண்டிக்கு அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

கடையின் குறைகள். ஒன்று, அன்றைக்கு வீல் பேலன்சிங் மெஷின் வேலை செய்யவில்லை, அதை முன்னாடியே சொல்லவில்லை. டிரெய்லருக்கு அது தேவையில்லை என்று மாட்டின பையன் சொன்னான், அதை நான் ஏற்கவில்லை. நடுக்கம் இருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, உள்ளே இருக்கிற சாமானும் பேரிங்கும்தான் அடி வாங்கும். அடுத்த வாரம் திரும்பப் போய் இலவசமாகச் செய்துகொண்டோம். இரண்டு, நட்டை காற்று மெஷினால் கண் மண் தெரியாமல் இறுக்கினான். நடு ரோட்டில் கை ஸ்பேனரில் கழலாத நட்டால் என்ன பயன்? தளர்த்திவிட்டு ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்கச் சொன்னேன். பெரியவர் வந்து பையனைக் கண்டித்துவிட்டு அவரே செய்து கொடுத்தார், 80 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை திரும்ப இறுக்கச் சொன்னார்.

இந்த ஒரு வருஷத்தில் அதிகம் போராடியது காற்றோடுதான். பெட்ரோல் பங்கில் 65 என்று சொன்னால் பையன்கள் பயந்து, "அக்கா வெடிச்சிடும்" என்று 35க்கே நிறுத்திவிடுகிறார்கள். காற்று குறைந்தால்தான் வெடிக்கும், டயர் அமுங்கி அமுங்கி உள்ளேயே சூடேறி. ஒவ்வொரு முறையும் டயரில் எழுதியிருப்பதைக் காட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்போது சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிட்டேன், விடியற்காலையில் வண்டி நகரும் முன் பார்ப்பேன். ஓடின டயரில் காற்று கூடிக் காட்டும், அதை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நிறுத்தி வைக்கும் நாட்களில் அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து டயர் மேலிருந்து பாரத்தை எடுத்துவிடுகிறோம், வெயில் படுகிற பக்கம் சாக்குப் படுதா. பளபளப்புக்குத் தடவுகிற பாலிஷ் எதுவும் கிடையாது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோடு சரி. ஃபிரிட்ஜை வலது பக்கம் மாற்றினோம், 200 லிட்டர் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய்ப் போன இடத்தில் நிரப்பிக்கொள்கிறோம், அதிலேயே 200 கிலோ குறைந்தது. வேகம் 60ஐத் தாண்டுவதில்லை.

இந்த வருஷம் ஆடிக்கு மறுபடியும் மேட்டூர் கிளம்பினோம், போன முறை நின்ற இடத்தைத் தாண்டும்போது இரண்டு பேருமே பேசவில்லை. தர்மபுரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தோம், கணவாயை இரண்டாவது கியரிலேயே இறங்கினோம், இரட்டைப் பாலம் தாண்டி அகலமான ஓரம் வந்ததும் மறுபடி நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய் இடது டயர், அதன் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), வலது டயர், அதன் ஹப் என்று புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடு. ஏறி உட்கார்ந்து, போகலாம் என்றேன்.